வனத்திற்கு ஒரே ஒரு பொருள்

மனித சஞ்சாரமற்ற வனாந்தரத்தில் வழி தவறி, வெளியேற இன்னும் எத்தனை நாளாகும் என்பதும் தெரியாமல் தங்க நேரிடும் ஒருவன், ஒரே ஒரு பொருளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வது என்னும் கேள்வியை எந்த நண்பர் குழாத்தில் எழுப்பினாலும், பெரும்பாலோர் சிறிதும் தயங்காமல் கத்தி என்பார்கள். சற்று யோசிப்பவர்கள் தீப்பெட்டி என்பார்கள். மலையேறிப் பழகியவர் ஒருவர் அங்கே இருந்தால் கம்பளி என்பார். பாத்திரம் என்று சொல்பவர் அபூர்வம். அடுக்களைச் சாமானைப் போய் ஆபத்துக்கு உதவும் ஆயுதங்களின் வரிசையில் வைத்து எண்ண யாருக்கும் மனம் வருவதில்லை போலும். அந்த அபூர்வமான விடையே பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும் விடை என்பதை இந்த அத்தியாயத்தில் காட்ட உத்தேசித்திருக்கிறோம்.

ஊகத்தால் விடை காண்பதைவிட நடந்ததைப் பார்ப்பது நல்லது. ஸ்காத்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் செல்கிர்க் என்னும் மாலுமி, தான் வேலை பார்த்த ‘சிங்க் போர்ட்ஸ்’ என்ற கப்பல் உளுத்துப் போய்விட்டது, இனி அதில் பிரயாணம் செய்வது பிராணாபாயம் என்று கப்பல் தலைவனுடன் சச்சரவிட்டு, அதன் பயனாக 1704-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சிலி நாட்டுக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 670 கிலோமீட்டர் தூரத்தில் பசிபிக் மகாசமுத்திரத்தில் இருக்கும் ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளுள் ஒன்றில் தன்னந்தனியாக இறக்கிவிடப்பட்டான். (அவன் சொன்னது பொய்யாகவில்லை, அந்தக் கப்பல் பிறகு மூழ்கத்தான் செய்தது.) நான்கு வருஷமும் நான்கு மாதமும் கழித்து, 1709 பிப்ரவரியில், அங்கே வந்து நங்கூரம் பாய்ச்சிய உட்ஸ் ராஜர்ஸ் என்னும் கப்பல் தலைவர் அவனை மீட்டு, அவன் வாயிலாக அறிந்தவற்றை 1712-ல் வெளியான தம் பிரயாண நூலில் எழுதிவைத்தார். டானியல் டீபோ 1719-ல் எழுதிய ராபின்சன் குரூசோ கதைக்கு இந்த வரலாறு ஒரு தூண்டுகோல் என்பது பலரும் அறிந்ததே. நமக்கு இங்கே வேண்டியது கதையன்று; ராஜர்ஸ் கொடுத்திருக்கும் சாமான் ஜாபிதா. உடையும் படுக்கையும், ஒரு துப்பாக்கி, கொஞ்சம் வெடிமருந்தும் குண்டும், புகையிலை, ஒரு கைக்கோடரி, ஒரு கத்தி, நீர் காய்ச்சும் பாத்திரம் ஒன்று, ஒரு பைபிள், சில கணிதக் கருவிகள், புஸ்தகங்கள்: இவையே செல்கிர்க்குடன் கரையிறங்கியவை.

இனி இவற்றுக்கு நேர்ந்த கதியைப் பார்க்கலாம். வெடிமருந்து தீர்ந்தது, அவன் காட்டு ஆடுகளை ஓடித் துரத்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். உடை கிழிந்தது, ஆட்டுத்தோலை வாரால் தைத்து அணிந்தான், ஊசிக்குப் பதிலாக ஓர் ஆணி உதவிற்று. காலணி தேய்ந்தது, உள்ளங்கால் காய்த்துப் போய்க் காலணியே வேண்டாததாயிற்று. நெருப்பு வேண்டியபோது, அத்தீவில் மாலுமிகள் பிமென்டோ என்று அழைத்த மரத்தின் இரு குச்சிகளை முழங்கால்மேல் வைத்துத் தேய்த்து நெருப்பை உண்டாக்கினான். கத்தி முதுகுவரை தேய்ந்து போயிற்று. கரையில் கிடந்த இரும்பு வளையங்களைத் தட்டி மெல்லிதாக்கிக் கல்லில் தீட்டி வேறு கத்திகளைச் செய்துகொண்டான். பாத்திரத்துக்கு மாற்று ஒன்று செய்துகொண்டான் என்ற செய்தி மட்டும் அக்குறிப்பில் இல்லை. அந்தப் பாத்திரத்தில் ஆட்டு மாமிசத்தை வேகவைத்து அருமையான சாறு காய்ச்சினான் என்ற செய்தி இருக்கிறது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு உபயோகமானது என்பதைக் கொண்டு அதைத் தேர்ந்தெடுப்பது போதாது. அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் கிடைப்பதைக் கொண்டு அதை உண்டாக்கிக்கொள்ள முடியுமா, முடியுமானால் எத்தனை பிரயாசையில் என்பதையும் சேர்த்து நிறுக்க வேண்டும். மிகவும் வேண்டியதும், மிகவும் செய்ய முடியாததுமான பொருள் எதுவோ அதுவே கூட வரத்தக்கது.

கத்தியை முதலில் நிறுப்போம். கூர்மையான விளிம்பு என்பது மனித இனம் தோன்றுவதற்கும் முற்பட்ட சாதனம். கென்யாவில் துர்க்கானா ஏரிக்கு மேற்கே லொமெக்வி என்னுமிடத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு 33 லட்சம் ஆண்டு வயது சொல்லுகிறார்கள். நமக்கு அருகில் பார்த்தால், 1863-ல் ராபர்ட் புரூஸ் புட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்ததிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் புதைந்திருந்த கற்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று இப்போது தெரியவந்திருக்கிறது. நம்மினும் சிறிய மூளையுடைய ஜீவன்கள் செய்துகொண்ட பொருளை நாம் செய்துகொள்ள முடியாதென்பதில்லை. கையடக்கமான ஒரு குவார்ட்சைட் கல்லை எடுத்து, அதன் விளிம்பு செங்கோணத்துக்குக் குறைவான கோணமாகச் சரிந்திருக்கும் இடத்தில், விளிம்பிலிருந்து விரற்கடையளவு உள்ளே தள்ளி, மற்றொரு கடினமான உருண்டைக் கல்லால் ஓங்கி ஓர் அடி அடித்தால், அடியில் ஒரு சில்லு தெறித்து விழும்; அச்சில்லின் ஓரம் தோலையும் தசையையும் அறுக்கும்; குச்சியைச் சீவும். பத்து அடியில் ஒன்றாவது சரியாக விழுந்தால் போதும். எஃகுக் கத்திக்கு இது ஈடாகாது என்பது மெய்தான். ஆயினும் ஈடாகாத ஒன்றேனும் கிடைக்கிறதல்லவா?

நெருப்பின் கட்சி இதைவிட வலிமையானது. கட்டையைக் கட்டையோடு கடைந்தால், தேய்ந்து உதிரும் மரத்தூள் கருகிக் குவிந்து, சுமார் 400 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தை எட்டும்போது தானே கனலத் தொடங்கும்; அந்தக் கங்கைப் பஞ்சுபோன்ற காய்ந்த நாரில் இட்டு ஊதினால் சுவாலை எழும். சொல்வது எளிது. மரம் உலர்ந்ததாயிருக்க வேண்டும், கை ஓயக்கூடாது, மழை பெய்யக்கூடாது. அடைமழைக் காட்டில் முதன்முறையாக முயல்பவன் தோல்வியுறுவதே வழக்கம். ஆகையால் லைட்டர் ஒன்றைக் கையில் வைத்திருப்பவனைப் பார்த்து யாரும் நகைக்க வேண்டாம். லைட்டரில் பொறி கக்கும் அந்தச் சிறு ‘கல்’ உண்மையில் கல்லன்று. கார்ல் அவர் என்னும் ஆஸ்திரிய ரசாயன நிபுணர் 1903-ல் கண்டுபிடித்த, சீரியம் முதலிய உலோகங்களோடு இரும்பைக் கலந்த ஓர் உலோகக் கலவை. அதைச் சுரண்டும்போது உதிரும் துகள் காற்றிலேயே பற்றி, ஏறக்குறைய 3000 டிகிரி வெப்பத்தில் எரிகிறது. அதே நிபுணர்தாம் காஸ் விளக்கின் மேண்டிலையும் கண்டுபிடித்தவர். மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்தை மோனசைட் மணலிலிருந்து பிரித்தெடுத்தபின் குப்பையாகக் குவிந்த சீரியத்தை என்ன செய்வது என்று யோசித்ததன் பலன் இது. அந்த மோனசைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடக்கிறது என்பது, ஜெர்மனிக்கு ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டிச்சென்ற மணலைக்கொண்டு 1909-ல் தெரியவந்தது. இது நம் வழியிலிருந்து சற்று விலகிய செய்திதான். ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நெருப்புக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: ஒருமுறை உண்டானால் போதும், பிறகு அதைக் காப்பாற்றலாம், எடுத்துச் செல்லலாம். 1991-ல் ஆல்ப்ஸ் மலையின் உருகிய பனியினின்று வெளிப்பட்ட, 5300 ஆண்டுகளுக்கு முன் மாண்ட மனிதனின் உடைமைகளில், பிர்ச் மரப்பட்டையைச் சுருட்டித் தைத்த இரு டப்பாக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் மேப்பிள் இலைகளும், அவற்றில் பொதிந்திருந்த கரித்துண்டுகளும் கிடைத்தன. கனலும் கங்கை இலையில் சுற்றி அவன் தூக்கித் திரிந்திருக்கிறான். அவனிடம் செப்புக் கோடரியும் சக்கிமுக்கிக் கல்லாலான கத்தியும் இருந்தும், நெருப்பைச் சுமக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது.

இப்போது நீர். மனித சரீரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு நீரே. கடும் வெயிலில் உழைப்பவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழப்பான். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் எட்வர்ட் அடால்ப் என்னும் உடலியல் அறிஞர் தம் சகாக்களுடன் கலிபோர்னியப் பாலைவனத்தில் அமெரிக்கச் சிப்பாய்களை வைத்து நடத்திய பரீட்சைகள் 1947-ல் நூலாக வெளிவந்தன. நீரைக் குறைத்துக் கொடுத்துப் பழக்கினால் சரீரம் குறைந்த நீரில் வாழக் கற்றுக்கொள்ளும் என்று ராணுவத்தார் நெடுங்காலமாக நம்பிவந்தது முழுப் பிசகு என்று அப்பரீட்சைகள் காட்டின. நிழலில் 49 டிகிரி வெயிலடிக்கும் பாலையில், சொட்டு நீரும் இன்றி அசையாமல் படுத்திருப்பவன்கூட இரண்டு நாளைக்கு மேல் பிழைப்பது அரிது என்பது அவர்களுடைய கணக்கு. கணக்குக்கு அடங்காதவர்களும் உண்டு. 1905 ஆகஸ்டில் அரிஸோனாவின் தினாஹாஸ் ஆல்டாஸ் மலையடியில் முகாமிட்டிருந்த மக்கீ என்னும் விஞ்ஞானி, விடியற்காலையில் ஏதோ மிருகம் முழங்குவது போன்ற ஓசை கேட்டு எழுந்து சென்று பார்த்தபோது, பாப்லோ வலென்சியா என்பவர் உதடுகள் இருந்த சுவடே தெரியாமல் வற்றிக் கறுத்துக் கிடந்தார். ஒரு நாளைக்குப் போதுமான நீருடன் புறப்பட்டு ஏறத்தாழ ஏழு நாள் தாக்குப்பிடித்திருந்தார். அவர் பிழைத்தெழுந்தார் என்பதையும், மக்கீ இதைத் தாகநோய் பற்றிய ஒரு கட்டுரையாகவே எழுதினார் என்பதையும் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

பாலைவனத்தில் தொல்லை நீர் இல்லாமை. காட்டில் தொல்லை வேறு: நீர் இருக்கும், அதைக் குடிக்கலாகாது. தெளிந்த ஓடையின் மேற்புறத்தில் எந்த மிருகம் செத்துக் கிடக்கிறது என்பது கீழே நின்று கையால் அள்ளிக் குடிப்பவனுக்குத் தெரியாது. துணியில் வடிகட்டினால் சேறு நிற்கும், கிருமி நிற்காது. பேதி கண்டால் குடித்த நீரும் தங்காது. உடம்பிலிருந்த உப்பும் போய்விடும். இதற்குப் பரிகாரம் கொதிக்கவைப்பது ஒன்றே. அதிலும் இயற்கை நமக்கு ஒரு சலுகை காட்டியிருக்கிறது. குடல்நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை 70 டிகிரி உஷ்ணத்திலேயே சிறிது நேரத்தில் மடிந்துவிடுகின்றன. நீரோ 100 டிகிரியில்தான் தளதளவென்று கொதிக்கிறது. ஆகவே வெப்பமானி இல்லாதவனுக்கு அந்தக் குமிழிகளே வெப்பமானி. மலைமேல் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து நீர் தாழ்ந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடும் என்பது உண்மை. உதகமண்டலத்தில் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொதிக்கிறது. எவரெஸ்ட் சிகரத்தில் ஏறத்தாழ 71 டிகிரியில் கொதிக்கும். அங்கேயும் அது கிருமிகளின் எல்லைக்கு மேலேயே இருக்கிறது. சமவெளியில் ஒரு நிமிஷமும், 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிஷமும் கொதித்தால் போதுமென்பது வைத்தியத் துறையினரின் விதி. இத்தனைக்கும் அடிப்படையாக வேண்டுவது, நெருப்பின்மேல் வைக்கக்கூடியதும் ஒழுகாததுமான ஒரு பாத்திரம்.

அதைக் காட்டில் செய்துகொள்ள முடியுமா? மண்பாண்டம் வனையலாமே என்று எண்ணுகிறவர்கள், குயவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தகுந்த களிமண்ணைத் தேடி, கல் பொறுக்கி, மணலோ உமியோ கலந்து பிசைந்து, உருவாக்கி, நிழலில் நாட்கணக்கில் உலர்த்தி, பிறகு 600 டிகிரிக்குக் குறையாத சூட்டில் மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும்; மண்ணுக்குள் சிறிது ஈரம் தங்கியிருந்தாலும் அது நீராவியாகிப் பாண்டத்தை வெடிக்கச் செய்துவிடும். மனித வரலாறும் இந்தக் கஷ்டத்துக்குச் சாட்சி சொல்லுவதுபோல் தோன்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் நெருப்பை ஆண்ட அடையாளங்கள் பத்து லட்சம் ஆண்டுப் பழமை உடையவை. உலகில் இதுவரை கிடைத்த மிகப் பழைய பானையோடுகளோ, சீனாவின் ஷியான்ரென்டோங் குகையிலிருந்து எடுத்தவை, 20,000 ஆண்டே பழமையானவை.

ஆனால் ‘தோன்றுகிறது’ என்றுதான் சொன்னோம். பின்னால் வந்தது என்பதனாலேயே ஒன்று கடினமானது என்றாகிவிடாது. ஓயாமல் இடம்விட்டு இடம் பெயர்ந்த மக்களுக்கு உடையும் பண்டம் சுமையாகவே இருந்திருக்கும். பாலினீசியர்கள் மண்பாண்டம் வனையத் தெரிந்த முன்னோர்களின் சந்ததியார். பசிபிக்கின் கிழக்குத் தீவுகளில் குடியேறியபின் அக்கலையையே கைவிட்டு, குழியில் சுட்ட கற்களை அடுக்கி உணவு சமைத்துச் சுகமாக வாழ்ந்தார்கள். வட அமெரிக்கப் பழங்குடிகள் பலர், நெருக்கமாகப் பின்னிய கூடையிலோ தோற்பையிலோ நீரை ஊற்றி, பழுக்கக் காய்ச்சிய கற்களை ஒவ்வொன்றாக அதில் இட்டுக் கொதிக்கவைத்தார்கள். இலைத் தொன்னையில் நீர் ஊற்றித் தணலின்மேல் வைத்தால்கூட, நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகம் எரிவதில்லை. உள்ளிருக்கும் நீர் தன் கொதிநிலைக்கு மேல் இலையின் உஷ்ணத்தை ஏறவிடாமல் இழுத்துக்கொள்ளுகிறது. இதே காரணத்தால்தான் பச்சை மூங்கிற் குழாயில் அரிசியும் நீரும் இட்டுச் சமைக்க முடிகிறது. ஆகையால் மூங்கில் அடர்ந்த காட்டுக்குச் செல்பவன் நல்ல அரிவாள் ஒன்றை எடுத்துச் சென்றால் அவனோடு நாம் வழக்காட மாட்டோம். அங்கே கணுவுக்குக் கணு ஒரு பாத்திரம் முளைத்து நிற்கிறது. மற்ற இடங்களில், கூடை பின்னும் கையும் தோல் பதனிடும் கையும் இல்லாத நகரவாசிக்கு, இந்த மாற்றுகளெல்லாம் தேவைப்படும் நாளில் கைகூடுமா என்பது சந்தேகமே.

உணவு விஷயத்தில் பாத்திரத்தின் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மாமிசத்தை நெருப்பில் வாட்டினால் கொழுப்பு உருகித் தணலில் சொட்டிப் புகையாகிறது. வேகவைத்தால் அது சாற்றில் மிதக்கிறது. கொழுப்பற்ற முயல் கறியை மட்டும் தின்று வாழ முற்பட்டவர்கள் வயிறு நிறைய உண்டும் நாளுக்கு நாள் மெலிந்து பேதி கண்டதை வட துருவப் பிரதேசங்களில் திரிந்த ஸ்டெபான்சன் எழுதியிருக்கிறார். எலும்பை நொறுக்கிக் கொதிக்கவைத்தால் உள்ளிருக்கும் கொழுப்பு மேலே மிதந்து வரும். நெருப்பில் வாட்டுகிறவனுக்கு அது கிட்டாது.

பாத்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 1861-ல் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியைக் கடந்து திரும்பிய பர்க்கும் வில்ஸும், கூப்பர் ஓடைக்கரையில் நார்டூ என்னும் செடியின் வித்துறைகளை மாவாக்கித் தின்றும் பசியால் மெலிந்து மாண்டார்கள். நம் குளக்கரைகளில் நாலிலைகளோடு படரும் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடி அது. அதில் தயாமின் என்னும் வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி மிகுதியாக இருக்கிறது. அவ்வோடைக்கரையிலேயே வாழ்ந்த யான்ருவாண்டா மக்கள் அதை வறுத்து, அரைத்து, நீர் விட்டுப் பக்குவம் செய்து உண்டு நலமாக இருந்தார்கள்; அம்மக்களை அண்டிய ஜான் கிங் என்பவர் மட்டுமே அக்கூட்டத்தில் உயிரோடு மீண்டார். அம்மக்களிடம் மண்பானையும் இல்லை, உலோகப் பாத்திரமும் இல்லை.

மிஞ்சியிருப்பது குளிர். இங்கேதான் நம் விடைக்கு உண்மையான ஆட்சேபம் எழுகிறது. சரீரத்தின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் புத்தி தடுமாறத் தொடங்குகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த உடையோடு காற்றில் நிற்பவனுக்குச் சில மணி நேரமே தவணை. கொடைக்கானல் போன்ற உயரத்தில் மழையில் ஓரிரவு அகப்பட்டுக்கொண்டவனுக்குப் பாத்திரத்தைவிட உலர்ந்த கம்பளியே மேல் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஒரே இரவுக்கான கேள்வி என்றால் விடை போர்வை. நம் கேள்வி பல நாளுக்குரியது. பனிப்பிரதேசத்திலும் நாள் நீண்டால் நிலைமை மாறுகிறது. ஒரு லிட்டர் நீருக்குரிய பனியை வாயிலிட்டு உருக்க 80 கிலோ கலோரியும், உருகிய நீரை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர மேலும் 37 கிலோ கலோரியும் சரீரம் செலவிட்டாக வேண்டும். குளிரில் நடுங்குபவன் இந்தச் செலவை நெருப்பின்மேல் சுமத்துவதே விவேகம்.

1916 மே மாதத்தில் துருவ ஆராய்ச்சியாளர் ஷாக்கில்டனும் அவருடைய தோழர்களான வோர்ஸ்லியும் கிரீனும், அதற்குமுன் யாரும் கடந்திராத தென் ஜார்ஜியாத் தீவின் மலைகளை 36 மணி நேரம் ஓயாது நடந்து கடந்தபோது, சுமை குறைய வேண்டும் என்று படுக்கைப் பைகளையே கரையில் விட்டுவிட்டார்கள். இடையில் தோழர்கள் இருவரும் தூங்கிவிழவே, தூக்கம் மரணத்தில் முடியும் என்றஞ்சிய ஷாக்கில்டன் ஐந்து நிமிஷத்தில் அவர்களை எழுப்பி, அரைமணி நேரம் தூங்கினீர்கள் என்று சொல்லி நடத்திச் சென்றார். அவர்கள் எடுத்துச் சென்றவை, மூன்று நாள் உணவு, பிரைமஸ் ஸ்டவ் ஒன்று, சமையற் பாத்திரம் ஒன்று, தச்சனின் வாய்ச்சி, ஐம்பது அடிக் கயிறு முதலியவை. எண்ணெய் தீர்ந்ததும் ஸ்டவ்வை வழியிலேயே விட்டார்கள். கடைசியில் ஓர் அருவியின் வழியே கயிற்றில் இறங்க நேர்ந்தபோது, வாய்ச்சியையும் கப்பலின் நாட்குறிப்பையும் சமையற் பாத்திரத்தையும் முன்னதாகக் கீழே எறிந்துவிட்டு இறங்கினார்கள். உடுத்திருந்த ஈர உடை நீங்கலாக அவர்களிடம் எஞ்சியவை அவ்வளவே.

எத்தகைய பாத்திரம் என்று கேட்கும் வாசகருக்கு: நம் வீடுகளில் பால் வாங்கவும் சாம்பார் கொண்டுபோகவும் பயன்படும் எவர்சில்வர் தூக்குவாளியைவிடச் சிறந்ததை நாம் அறியோம். இரண்டு லிட்டர் கொள்வதாக இருக்கட்டும். கம்பிப் பிடி இருப்பதால் கவட்டைக் குச்சியில் தொங்கவிடலாம். மூடி இருப்பதால் கொதி சீக்கிரம் வரும், கங்கைப் பொதிந்து எடுத்துச் செல்லலாம், துலக்கிய மூடியால் வெயிலைத் திருப்பித் தொலைவில் செல்வோருக்குச் சைகையும் காட்டலாம். அலுமினியம் இலேசானது, ஆனால் நீர் வற்றிப்போன அலுமினியப் பாத்திரம் நல்ல தணலில் உருகிவிடக்கூடும், அதன் உருகுநிலை 660 டிகிரிதான். சூடு ஆறாமலிருக்க இரட்டைச் சுவர் வைத்துச் செய்த பிளாஸ்குகளை மட்டும் எக்காரணம் கொண்டும் நெருப்பின்மேல் வைக்காதீர்கள், அவை வெடிக்கும்.